கரண்ட் வைத்த வாய்க்கு வீட்டுக் கவனிப்பு: பனியன் ஊருக்கு 24 குறிப்புகள்

வாய், நாக்கு, கன்னம், தொண்டை ஆகிய இடங்களில் வரும் புற்றுநோய்க்குத் தரும் கதிர்வீச்சு சிகிச்சையைத் திருப்பூர்ப் பக்கம் ‘கரண்ட் வைக்கிறது’ என்றே சொல்கிறோம். வாரத்துக்கு ஐந்து நாள், ஆறேழு வாரம், மொத்தம் 30 முதல் 35 தடவை என்பது வழக்கமான கணக்கு. கோவைக்குத் தினமும் பஸ்ஸில் போய்வந்தே இதை முடிப்பவர்கள் உண்டு. கடைசி நாள் முடிந்ததும் எல்லாம் தீர்ந்தது என்று வீட்டில் நிம்மதி அடைகிறார்கள். வாய்ப்புண் உச்சத்தில் இருப்பதோ அந்த நேரத்தில்தான். எச்சில் வறட்சி மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். பல்லையும் தாடை எலும்பையும் ஆயுள் முழுக்கப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

இதற்கு வேண்டியவற்றில் பாதி அடுப்படியிலேயே இருக்கிறது: உப்பு, சமையல் சோடா, காய்ச்சிய தண்ணீர். செலவு மிகக் குறைவு. விடாமல் செய்வதற்குத்தான் வீடே கூடி நிற்க வேண்டும். கீழே உள்ளவை பொதுவான குறிப்புகள். உங்கள் டாக்டர் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் அவர் சொன்னபடியே செய்யுங்கள்.

சிகிச்சை தொடங்கும் முன்

1. முதல் கரண்ட்டுக்கு முன்பே பல் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். ஆடும் பல், வேர் வரை சொத்தையான பல், சீழ் பிடித்த பல் எதையாவது எடுக்க வேண்டுமென்றால், காயம் ஆற இரண்டு வாரமாவது இடைவெளி வேண்டும். அரசு மருத்துவமனைகளில் பல் பிரிவு உண்டு. “முதலில் கட்டியைப் பார்ப்போம், பல்லை அப்புறம் பார்த்துக்கலாம்” என்று தள்ளிவைத்த பல்தான் பின்னால் பெரிய தொல்லை கொடுக்கும்.

2. சிகிச்சை முடிந்து வரும்போது, எந்த இடத்தில், எவ்வளவு கதிர்வீச்சு, எந்தத் தேதிகளில் கொடுத்தார்கள் என்று எழுதிய சுருக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். அதில் ‘60 கிரே’, ‘66 கிரே’ என்பதுபோல ஓர் அளவு இருக்கும். ரேஷன் கார்டு, ஆதார் வைக்கும் பையில் அதையும் வையுங்கள். பத்து வருஷம் கழித்துப் பல் வலி வந்தாலும் அந்தத் தாள் வேண்டும்.

கொப்பளிக்கும் தண்ணீர்

3. தயாரிக்கும் முறை: ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து வெதுவெதுப்பாக ஆறவிடுங்கள். அதில் தலைதட்டிய ஒரு டீஸ்பூன் உப்பு, தலைதட்டிய ஒரு டீஸ்பூன் சமையல் சோடா போட்டுக் கரையும்வரை கலக்குங்கள். மூடியுள்ள பாட்டிலில் ஊற்றி வையுங்கள். மிச்சத்தை மறுநாளுக்கு வைக்காமல் காலையில் புதிதாகக் கலக்குங்கள். புண்ணில் எரிந்தால் உப்பைப் பாதியாக்கலாம். அப்போதும் எரிந்தால் உப்பை விட்டுவிட்டுச் சோடா மட்டும் போடலாம். உப்பு கூடினால் சீக்கிரம் ஆறும் என்று நினைத்து அள்ளிப் போடாதீர்கள். புண் மேலும் வறண்டு எரியும்.

4. சோடா என்றால் ஆப்பத்துக்கும் போண்டாவுக்கும் போடும் சமையல் சோடா மட்டும்தான். கேக் செய்யும் பேக்கிங் பவுடர் வேறு. துணி துவைக்கும் சலவைச் சோடா வேறு. சாயப்பட்டறையில் வேலை பார்ப்பவர் வீட்டில் இன்னும் கவனம் வேண்டும்: அங்கே சாயம் ஏற்றப் போடும் சோடா ஆஷ் பார்க்க ஒரே மாதிரி வெள்ளைத் தூளாக இருக்கும், வாயில் பட்டால் தோலை அரித்துவிடும். துணி வெளுக்கும் பெராக்சைடை நீர்த்துக் கொப்பளிக்கலாம் என்று யாராவது சொன்னாலும் தொடாதீர்கள். மளிகைக் கடையில் பெயர் அச்சிட்ட பாக்கெட்டாகக் கேட்டு வாங்குங்கள்.

5. தண்ணீர் நல்ல தண்ணியாக இருக்கட்டும். நம் பக்கம் பல வீடுகளில் குழாயில் வரும் ஆத்துத் தண்ணி ஒரு தொட்டியிலும், போர் போட்ட உப்புத் தண்ணி இன்னொரு தொட்டியிலும் இருக்கும். கொப்பளிக்கவும், பிரஷ் கழுவவும், பல்செட் ஊறவைக்கவும் குடிக்கிற தண்ணீரையே எடுங்கள்.

6. வலித்தால் கொப்பளிப்பது என்று வைத்துக்கொள்ளாதீர்கள். மணி பார்த்துக் கொப்பளியுங்கள். புண் இருக்கும் நாட்களில் விழித்திருக்கும்போது இரண்டு மணிக்கு ஒரு தடவை, சாப்பிடும் முன்னும் பின்னும், வாந்தி எடுத்த பிறகு, படுக்கும் முன். புண் ஆறிய பின் ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும், படுக்கும் முன்னும் போதும். எங்கள் வீதியில் ஒரு கட்டிங் மாஸ்டர் வீட்டில் இதை மருமகள்தான் பொறுப்பெடுத்துக்கொண்டார். “மாமா, பத்து மணி ஆச்சுங்க, கொப்பளிச்சுட்டு வாங்க” என்பார். “இப்பத்தானே கண்ணு கொப்பளிச்சேன்?” என்று அவர் சலித்துக்கொண்டால், “அது எட்டு மணிக்குங்க மாமா” என்று டம்ளரைக் கையில் கொடுத்துவிடுவார். இப்படி ஒருவர் வீட்டில் இருந்தால் போதும். ஆள் இல்லாதவர்கள் செல்போனில் அலாரம் வையுங்கள்.

7. ஒரு வாய் எடுத்து, கன்னத்தின் இரு பக்கமும், நாக்கின் அடியிலும் மெதுவாக ஓட்டி, அரை நிமிடம் வைத்துத் துப்புங்கள். இரண்டு தடவை இப்படி. தொண்டைக்குக் கரண்ட் வைத்திருந்தால் தலையை லேசாகச் சாய்த்து மெல்லக் கரகரக்கலாம். புரை ஏறுபவர்கள் கரகரக்க வேண்டாம். விழுங்கக் கூடாது. கெட்டி எச்சில் நூலாக ஒட்டிக்கொண்டிருந்தால் சோடாத் தண்ணீர் அதை இளக்கிவிடும்; துப்பியதும் வாய் லேசாகும்.

8. வேலைக்குத் திரும்பியவர்கள் அரை லிட்டர் பாட்டிலில் கலக்கி, மேலே ‘கொப்பளிக்க மட்டும்’ என்று எழுதி எடுத்துப் போங்கள். ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தால் பீஸ் ரேட் கணக்கில் எழுந்திருக்க மனம் வராது. அதனால் காலை டீ, மதியச் சாப்பாடு, சாயங்கால டீ என்று மணி அடிக்கும் நேரங்களையே கொப்பளிக்கும் நேரமாக்கிவிடுங்கள். ஒன்றரை ஷிப்ட் ஓட்டும் நாளில் ராத்திரி ஒரு தடவை கூடும். சூப்பர்வைசரிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

9. கடையில் விற்கும் மவுத்வாஷ் பாட்டிலில் ஆல்கஹால் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். இருந்தால் வேண்டாம், புண்ணில் எரியும், வாயை இன்னும் வறட்டும். குளோர்ஹெக்சிடின் மருந்துக்கு ஈறு நோய்க்கும் பல் அழுக்குக்கும் தனிப் பயன் உண்டு. கரண்ட்டால் வரும் வாய்ப்புண்ணைத் தடுக்க அதைச் சர்வதேச மருத்துவ வழிகாட்டுதல்கள் பரிந்துரைப்பதில்லை, நாள்பட்டால் பல்லில் கறையும் ஏறும். சிகிச்சை நடக்கும்போது வலிக்கும் அழற்சிக்கும் பென்சிடமைன் என்ற கொப்பளிப்பு மருந்தை டாக்டர்கள் எழுதுவார்கள். எதுவானாலும் சீட்டு பார்த்து வாங்குங்கள்.

10. நாட்டு வைத்தியத்தில் கவனம். புண்ணில் கிராம்புத் தைலம், சுண்ணாம்பு, கல்லுப்பு வைத்து அழுத்துவது வேண்டவே வேண்டாம். பல் வலிக்குப் புகையிலை அடக்குவது, புகையிலைத் தூள் கலந்த பல்பொடி தேய்ப்பது இரண்டும் நோயைத் திரும்பக் கூப்பிடும். நல்லெண்ணெய் கொப்பளிப்பது உப்பு சோடாத் தண்ணீருக்கு மாற்றாகாது. விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கு எண்ணெய் மூச்சுக்குழாயில் இறங்கும் ஆபத்தும் உண்டு. சிகிச்சைக் காலத்தில் தேன் புண்ணைக் கொஞ்சம் குறைக்கிறது என்று ஆய்வுகள் உண்டு. ஆனால் சர்க்கரை நோய் இருந்தால் கூடாது, இல்லாவிட்டாலும் பல்லில் தங்காதபடி வாயைக் கழுவ வேண்டும். டாக்டரைக் கேட்டே செய்யுங்கள்.

பல்லும் தாடையும்

11. குழந்தைகளுக்கு விற்கும் மிக மென்மையான பிரஷ் வாங்கி, வெந்நீரில் சற்று நனைத்து இளக்கிக்கொண்டு, காலையும் ராத்திரியும் தேய்க்கவும். புதினாக் காரம் அதிகமுள்ள பேஸ்ட் எரியும், காரமில்லாததாகப் பாருங்கள். பிரஷே வைக்க முடியாத நாட்களில் சுத்தமான பனியன் துணியை விரலில் சுற்றி, உப்பு சோடாத் தண்ணீரில் நனைத்து, பல்லை மெல்லத் துடையுங்கள். வேப்பங்குச்சி, செங்கல் தூள், சாம்பல், கரி எதுவும் வேண்டாம்.

12. பல்செட் வைத்திருப்பவர்கள் புண் ஆறும்வரை சாப்பாட்டு நேரம் தவிர மற்ற நேரம் கழற்றி வையுங்கள். அதுவும் உராய்ந்தால் வைக்கவே வேண்டாம். ராத்திரி கழற்றித் தேய்த்துத் தண்ணீரில் ஊறப்போடுங்கள். சிகிச்சைக்குப் பிறகு ஈறு சுருங்கும். பழைய செட் லொடலொடக்கும். அதைப் பிசின் போட்டு ஒட்டி ஓட்டாமல் பல் டாக்டரிடம் காட்டுங்கள்.

13. எச்சில் குறைந்த வாயில் சொத்தை வேகமாக வரும். வழக்கமான சொத்தை கடைவாய்ப் பல்லின் மேல் குழியில் தொடங்கும்; இது ஈறை ஒட்டிய கழுத்துப் பகுதியில் தொடங்கிப் பல்லைச் சுற்றி அறுத்துவிடும். நாள் ஒன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை சுரக்கும் எச்சில்தான் அதுவரை பல்லைக் கழுவிக் காத்துவந்தது. அந்தக் காவல் போன பிறகு ஃபுளோரைடு வேண்டும். கடைப் பேஸ்ட்டில் சுமார் 1,000 பிபிஎம் அளவு ஃபுளோரைடு இருக்கும். இந்த நோயாளிகளுக்கு 5,000 பிபிஎம் வரை செறிவுள்ள பேஸ்ட்டோ ஜெல்லோ பல் டாக்டர் எழுதித் தருவார். ராத்திரி பல் தேய்த்துக் கொப்பளித்த பிறகு கடைசியாக அதைப் போடுங்கள். போட்டபின் அரைமணி நேரம் தண்ணீர், சாப்பாடு, கொப்பளிப்பு எதுவும் வேண்டாம்.

14. இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்: கரண்ட் வைத்த தாடையில் பல் பிடுங்குவது சாதாரண வேலை அல்ல. கதிர்வீச்சு பட்ட எலும்பில் ரத்த ஓட்டம் குறைந்துவிடுகிறது, முக்கியமாகக் கீழ்த்தாடையில். பிடுங்கிய குழி மூடாமல் எலும்பு வெளியே தெரிந்து, அப்படியே செத்துப்போகக்கூடும். இந்த ஆபத்துக்கு வருஷக் கணக்கு கிடையாது. எந்தப் பல் டாக்டரிடம் போனாலும் வாய் திறக்கும் முன் “எனக்குக் கரண்ட் வைத்திருக்கிறது” என்று சொல்லி, அந்தச் சுருக்கத் தாளைக் காட்டுங்கள். வேர் சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்ற முடியுமா என்று கேளுங்கள். பிடுங்கித்தான் ஆகவேண்டும் என்றால் கரண்ட் வைத்த டாக்டரும் பல் டாக்டரும் பேசி முடிவெடுக்கட்டும்.

15. வாய் திறக்கும் அளவைத் தினமும் பாருங்கள். ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி மேல், கீழ் முன்பற்களுக்கு நடுவே வையுங்கள். மூன்றும் நுழைந்தால் நல்லது. இரண்டுதான் நுழைகிறது என்றால் தாடைத் தசை இறுகத் தொடங்கியிருக்கிறது. 35 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் டாக்டர்கள் அதைக் குறையாகவே கணக்கில் எடுக்கிறார்கள். இறுகிய பிறகு இளக்குவது கடினம், வராமல் தடுப்பது எளிது. சிகிச்சை நாளிலிருந்தே வாயை மெல்ல முழுக்கத் திறந்து மூடுவது, தாடையை இடமும் வலமும் நகர்த்துவது என்று நாளுக்கு ஐந்தாறு தடவை செய்யுங்கள். சுத்தமான ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு நடுவே வைத்து, வாரா வாரம் ஒரு குச்சி கூட்டும் பயிற்சியைப் பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தருவார். வலியோடு நெம்பக் கூடாது.

எச்சில் வறட்சி

16. ஒரேயடியாகச் செம்பு செம்பாகக் குடிப்பதைவிட மடக்கு மடக்காக அடிக்கடி குடியுங்கள். தலைமாட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் இருக்கட்டும். ஃபேன் காற்று நேராக முகத்தில் அடிக்காமல் திருப்பி வையுங்கள். நிட்டிங்கிலும் செக்கிங்கிலும் பறக்கும் பஞ்சுத் தூசி வறண்ட தொண்டையைச் சொறியும். மெல்லிய மாஸ்க் உதவும். சர்க்கரை சேர்க்காத சைலிட்டால் சூயிங்கம் மெல்ல முடிந்தவர்களுக்கு எச்சில் ஊற வைக்கும். புளிப்பு மிட்டாய் அடக்குவது பல்லை அரிக்கும். உதட்டுக்குத் தேங்காய் எண்ணெய் போதும். ஆனால் அன்றன்றைய கரண்ட்டுக்குச் சற்று முன் எதுவும் தடவாதீர்கள். வறட்சி தாங்க முடியவில்லை என்றால் செயற்கை எச்சில் ஸ்பிரேயும் எச்சில் ஊறும் மாத்திரையும் இருக்கின்றன, டாக்டரிடம் கேளுங்கள்.

17. டீ கணக்கைக் குறையுங்கள். கம்பெனியில் நாளுக்கு நாலைந்து சர்க்கரை டீ என்பது சாதாரணம். எச்சில் இல்லாத வாயில் ஒவ்வொரு டம்ளரும் பல்லுக்குச் சர்க்கரைக் குளியல். ஒரு டீயோடு நிறுத்தி, மற்ற நேரம் இளநீரோ, உப்பு குறைத்த மோரோ குடியுங்கள். மோர் எரிந்தால் விடுங்கள். எது குடித்தாலும் ஒரு வாய்த் தண்ணீரால் அலசித் துப்பிவிடுங்கள்.

சாப்பாடும் வலியும்

18. மிளகாய், புளி, எலுமிச்சை, ஊறுகாய், முறுக்கு, வறுத்த கடலை ஆகியவற்றைப் புண் ஆறும்வரை ஒதுக்குங்கள். நமக்குப் பிடித்த பச்சைப்புளி ரசமும் கொஞ்சம் காத்திருக்கட்டும். அரிசியும் பருப்பும் சாதத்தை மிளகாய் இல்லாமல், தண்ணீர் கூட்டிக் குழையவிட்டு, ஊத்துக்குளி வெண்ணெய் ஒரு கரண்டி போட்டு மசித்தால் வழுக்கிக்கொண்டு இறங்கும். ராகிக் கூழ், பால் ஊற்றிக் கரைத்த சந்தகை, தேங்காய்ப் பால் கஞ்சி, அரைவேக்காட்டைத் தாண்டி நன்றாக வெந்த முட்டை மசியல், வடிகட்டிய கோழிச் சாறு எல்லாம் தெம்பு தரும். ஆறவைத்துக் கொடுங்கள்; சூடு புண்ணைக் கிளறும்.

19. வலி மருந்தைச் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் கொடுங்கள். வாயை மரக்கவைக்கும் லிக்னோகெயின் ஜெல்லோ திரவமோ எழுதியிருந்தால் அதற்குப் பின் சூட்டையும் கடிப்பதையும் கவனியுங்கள். மரத்த கன்னத்தைத் தன்னையறியாமல் கடித்துவிடுவார்கள். மார்ஃபின் எழுதினால் ‘கடைசிக் காலத்து மருந்து’ என்று பயப்பட வேண்டாம். வலி அடங்கினால் சாப்பாடு இறங்கும், சாப்பாடு இறங்கினால் சிகிச்சை நிற்காமல் நடக்கும். மலச்சிக்கலுக்கும் சேர்த்து மருந்து கேளுங்கள்.

20. வாரம் ஒரு நாள், ஒரே மிஷினில் எடை பாருங்கள். ஒரே வாரத்தில் இரண்டு கிலோ குறைந்தால் அடுத்த முறை வரை காத்திராமல் டாக்டரிடம் சொல்லுங்கள். மூக்கு வழியாகவோ வயிறு வழியாகவோ குழாய் வைக்கச் சொன்னால் அது தற்காலிக உதவி. பலருக்குப் புண் ஆறியதும் எடுத்துவிடுவார்கள். குழாய் இருந்தாலும் வாய் கொப்பளிப்பது நிற்கக் கூடாது. தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் இருமல் வந்தால், அது நுரையீரலுக்குள் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

கவனிக்க வேண்டிய அடையாளங்கள்

21. தினமும் காலையில் டார்ச் அடித்து வாய்க்குள் பாருங்கள். தயிர் சிதறியதுபோல் வெள்ளைத் திட்டு, துடைத்தால் சிவந்த தோல் தெரிந்தால், அது பெரும்பாலும் பூஞ்சை. கொப்பளிப்பால் மட்டும் போகாது, மருந்து வேண்டும். குணமானதும் பிரஷ்ஷை மாற்றிவிடுங்கள். காய்ச்சல், நிற்காத ரத்தக் கசிவு, தண்ணீர்கூட இறங்காத நிலை, மூச்சு வாங்குவது ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை. அவசரம் என்றால் 108. சிகிச்சை முடிந்து மாதங்கள் கழித்து எலும்பு தெரிவது, கீழுதடு மரத்துப்போவது, கழுத்தில் புதிதாகக் கட்டி, இரண்டு வாரத்தில் ஆறாத புண் இவற்றையும் தள்ளிப்போடாதீர்கள்.

வேலையும் வருமானமும்

22. இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்கள் லீவ் போட்டுச் சம்பளம் இழந்து உட்கார வேண்டியதில்லை. வழக்கமான நோய்க்கால உதவி ஆண்டுக்கு 91 நாள் வரை, சம்பளத்தில் 70 சதவீதம். புற்றுநோய், நீண்டகால நோய்ப் பட்டியலில் இருப்பதால், இரண்டு வருஷம் தொடர்ந்து காப்பீட்டில் இருந்து சந்தா நாட்கள் நிறைந்தவர்களுக்கு 80 சதவீதம் வரை, இரண்டு வருஷம் வரை கிடைக்க வழி உண்டு. கம்பெனி ஆபீஸிலும் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்திலும் கேளுங்கள். இ.எஸ்.ஐ. இல்லாதவர்கள், குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். சனிக்கிழமைச் சம்பளத்தில் ஓடும் வீடுகளுக்கு இந்தத் தாள் வேலைகளும் மருந்து மாதிரிதான். சிகிச்சை தொடங்கும் வாரத்திலேயே முடித்துவிடுங்கள்.

திரும்ப வராமல் இருக்க

23. பீடி, சிகரெட், ஹான்ஸ், குட்கா, மது எல்லாவற்றையும் இன்றோடு விடுங்கள். புகையிலை இல்லாத வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே அறிவித்துவிட்டது. ‘வெத்தலை மட்டும்தான்’ என்ற சமாதானம் செல்லாது. தமிழ்நாட்டில் 2013-ல் குட்காவுக்குத் தடை வந்தும், ராத்திரி ஷிப்டில் தூக்கம் வராமலிருக்க என்று கன்னத்தில் ஒதுக்கும் பழக்கம் தொழிலாளர்களிடம் இன்னும் இருக்கிறது. விட முடியவில்லை என்றால் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கேட்கலாம்.

24. வீட்டில் மற்றவர்களும் வாயைக் காட்டுங்கள். வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்களை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கும் அரசுப் பரிசோதனை 2023-ல் முதலில் தொடங்கிய நான்கு மாவட்டங்களில் திருப்பூரும் ஒன்று. ஈரோடு, கன்னியாகுமரி, ராணிப்பேட்டை மற்ற மூன்று. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, விரல் நுழையாத வாய் ஆகியவை வலிக்காமலே வளரும். சிகிச்சை முடிந்தவர் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பல் டாக்டரிடம் போகும் நாளில், உடன் ஹான்ஸ் போட்ட நண்பரையும், வெற்றிலை போடும் பாட்டியையும் கூட்டிக்கொண்டு போங்கள். சின்னதிலேயே கண்டுபிடித்தால் பலருக்குக் கரண்ட் வரை போகாமலே குணமாகும்.